இருவேறு பதிவேடுகள்

திருமுழுக்குப் பதிவேட்டைத் திறந்தபோது குழந்தையின் தந்தை தயங்கியபடி, “சாமி, பள்ளிக்கூடத்துல மதம் இந்துன்னுதான் குடுப்போம். சாதிச் சான்றிதழ் வேணும்லா?” என்றார்.

ஒன்றாயிருந்து மற்றொன்றாகக் காட்டிக்கொள்வது பொய். அறநெறி இறையியல் கற்ற நான் அதை மறுக்க இயலாது. ஆனால் அப்பொய்யைப் பேசவைத்தவர் யாவர்? 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதியினரின் சலுகைகளை இந்துக்களுக்கு அளித்தது. 1956-இல் சீக்கியர்க்கும் 1990-இல் பௌத்தர்க்கும் அது விரிந்தது. கிறிஸ்தவர்க்கு இன்றளவும் இல்லை. திருமுழுக்குப் பெற்ற புதுச்சேரிப் பெண் ஒருவர் இந்துவென்று சான்றிதழ் கோரிய வழக்கில், 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அதனை அரசியலமைப்பின் மீதான மோசடி என்றது.

கிறிஸ்தவத்தில் சாதியில்லை என்பது சட்டத்தின் நினைப்பு. பீடத்திலிருந்து நாமும் அதையே சொல்கிறோம். புனித தேவசகாயம் 1745-இல் திருமுழுக்குப் பெற்ற வடக்கன்குளத்தில், ஆலயத்தினுள் சாதி பிரித்த சுவர் 1910 வரை நின்றதே! எத்தனை கல்லறைத் தோட்டங்களில் அது இன்னும் நிற்கிறதென்பதை என் உடன் குருக்கள் அறிவர்.

தேவசகாயம் தம் விசுவாசத்தை மறைக்கவில்லை. 1752-இல் ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில் உயிரீந்தார். அவரைச் சான்று காட்டி இந்தத் தந்தையைக் கண்டிக்க எனக்கு நா எழவில்லை. இல்லாத சமத்துவத்தை இருப்பதாகக் காட்டிக்கொள்ளும் நம் வேடம் அவருடையதினும் பழையதன்றோ?

குழந்தைக்கு அவர்கள் விரும்பிய புனிதரின் பெயரை எழுதினேன். பள்ளியில் என்ன பெயர் என்று கேட்கவில்லை.