புகார் செய்வது புறம் பேசுவதாகுமா?

பிரிட்டனில் சமைத்துக் குளிரூட்டித் தட்டோடு விற்கப்படும் பிரியாணியும் கறியும் இன்று பல முஸ்லிம் வீடுகளில் புழக்கத்துக்கு வந்துவிட்டன. ஹலால் முத்திரையைப் பார்த்ததும் நம்மவர்கள் திருப்தி அடைந்து விடுகிறார்கள். முத்திரை அறுத்த விதத்தைச் சொல்லும். சமைத்த பின் அவ்வுணவு எப்படிக் கிடந்தது என்பதைச் சொல்லாது. திருமறையோ ஹலாலோடு தய்யிபையும் சேர்த்தே கூறுகிறது.

இங்கிலாந்துச் சட்டப்படி இத்தகைய உணவு 8 டிகிரிக்கு மேற்படாத குளிரில் இருக்க வேண்டும். மின்செலவை மிச்சப்படுத்த இரவில் குளிர்பெட்டியை அணைத்து வைக்கிறார் ஒரு கடைக்காரர் என்று வைத்துக் கொள்வோம். ஐவேளைத் தொழுகையாளி, நம் சகோதரர். உணவு அதிகாரியிடம் இதைச் சொல்லலாமா? அது கீபத் ஆகாதா, பிறர் குறையை மறைப்பது நன்மையன்றோ என்று கேட்பவர்கள் உண்டு.

கேள்வி நியாயமானதே. ஆனால் மறைக்கத் தக்கது, ஒருவருக்கும் அவருடைய ரப்புக்கும் இடையில் நிற்கும் குறை. இங்கே விலை கொடுப்பது அடுத்த வீட்டுப் பிள்ளை. லிஸ்டீரியா என்னும் கிருமி குளிரிலேயே மெல்ல வளரும். சூடு ஏறினால் விரைந்து பெருகும். மணத்திலும் சுவையிலும் தெரியாது. கர்ப்பிணியின் வயிற்றுச் சிசுவையே மாய்க்க வல்லது. இமாம் நவவி (ரஹ்) அவர்கள் ‘ரியாளுஸ் ஸாலிஹீன்’ நூலில், பிறர் குறையைச் சொல்வது ஆகுமான ஆறு சந்தர்ப்பங்களை எடுத்துரைக்கிறார்கள். தீமையை மாற்ற உதவி தேடுவதும், மக்களை எச்சரிப்பதும் அவற்றில் அடங்கும். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கடைவீதியில் தானியக் குவியலுக்குள் கையை நுழைத்து, அடியில் இருந்த ஈரத்தைக் கண்டு வியாபாரியைக் கண்டித்த செய்தி நாம் அறிந்ததே. மூடிய தட்டுக்குள் நம் கை நுழையாது. அதிகாரியின் வெப்பமானிதான் நுழையும்.

அதிகாரி இருக்கிறாரே, அவரே கண்டுபிடிக்கட்டும் என்பதும் சரியன்று. 2005-ல் தெற்கு வேல்ஸில், பள்ளிகளுக்குச் சமைத்த இறைச்சி அளித்த ஒரு வியாபாரி, பச்சை இறைச்சியையும் சமைத்ததையும் ஒரே இயந்திரத்தில் பொதிந்தார். சோதிக்க வந்த அதிகாரிகளைப் பொய் சொல்லி ஏமாற்றினார். 150 பேருக்கு மேல் நோயுற்றனர்; பெரும்பாலோர் குழந்தைகள். ஐந்து வயதுச் சிறுவன் ஒருவன் இறந்தான். 2007-ல் வியாபாரிக்கு 12 மாதச் சிறை. 2009-ல் வெளிவந்த விசாரணை அறிக்கை சோதனை முறையையும் குறை கூறியது. எப்போதோ ஒரு நாள் வரும் அதிகாரிக்கு இரவில் நடப்பது எப்படித் தெரியும்?

முஸ்லிம் கடையைக் காட்டிக் கொடுத்தோம் என்ற பழி வருமே என்று அஞ்சுகிறார்கள். வாங்கி உண்பவரும் முஸ்லிம்தானே!

எனினும் போட்டி வியாபாரத்துக்காகவோ பழைய பகைக்காகவோ சொன்னால் அது கீபத்தேதான். ஜும்ஆ முடிந்து வாசலில் நின்று நாலு பேரிடம் சொல்வதும் அப்படியே. கண்டதை மட்டும், முதலில் அவரிடமே தனிமையில் சொல்ல வேண்டும். கெட்டதை விற்பனையிலிருந்து எடுக்கச் சொல்ல வேண்டும். எடுக்க மறுத்தால் அன்றைக்கே, எடுத்தும் அடுத்த இரவு பெட்டி அணைந்திருந்தால் மறுநாள் கடை திறக்குமுன், நகரசபைக்குத் தெரிவித்து விடுவதே முறை.