மணமும் சாட்சியும்

சந்தர்ப்பத்துக்கு ஒரு பூ என்பது நமக்குப் புதிதல்ல. ஆநிரை கவரப் போகிறவனுக்கு வெட்சி, மண்ணாசையில் படையெடுப்பவனுக்கு வஞ்சி, எதிர்நின்று பொருகிறவனுக்குத் தும்பை, வென்றவனுக்கு வாகை என்று புறத்திணை வகுத்து வைத்திருக்கிறது. சூடிய பூ செய்யப்போகும் காரியத்தைச் சொல்லிவிடும். அத்தர்க் குப்பி வேறு ரகம். கன்னோஜில் செப்புக் கலத்தில் பூவையும் நீரையும் கொதிக்கவிட்டு, ஆவியைச் சந்தன எண்ணெயில் இறக்குகிறார்கள். பூ போய்விடுகிறது, மணம் மட்டும் மிஞ்சுகிறது. கல்யாணத்துக்கு மல்லிகை அத்தரா தாழம்பூ அத்தரா, ஆபீசுக்கு எது என்று யோசிக்கிறவன், இன்று தன்னைப் பிறர் எதுவாக அறியவேண்டும் என்றுதான் யோசிக்கிறான். இதை வெறும் ருசி விவகாரமாக எடுத்துக்கொள்ள என்னால் முடியவில்லை.

பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பங்களில் இந்தக் கேள்விக்குக் கனம் கூடுகிறது. அங்கே உடம்புக்கு ஏற்கெனவே ஒரு மணம் உண்டு: இறாலும் நண்டும் மடவையும் புழங்கிய கையின் மணம். நான் வேலை பார்க்கும் பாங்குக்கு மீன் விற்கும் பெண்கள் பணம் கட்ட வருவார்கள். கரையில் கூடையோடு வெறுந்தலையாகப் பார்த்தவள் பாங்குக்கு வரும்போது ஒரு முழம் மல்லிகை வைத்திருப்பாள். நோட்டு மட்டும் எதையும் மறைப்பதில்லை. அவர்கள் வரிசையில் நின்றதும் கவுண்டரில் யாராவது ஊதுவத்தி ஏற்றுவார்கள். இரண்டும் நறுமணம்தான். அவள் மல்லிகை எங்களுக்குச் செய்த மரியாதை. எங்கள் ஊதுவத்தி அவளுக்குச் செய்த அவமரியாதை. மூக்கை வைத்து இந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க முடியாது.

நற்றிணை 45-இல், தேர் உடைய செல்வனின் மகனிடம் பரதவர் மகளின் தோழி பேசுகிறாள். தங்கள் மீன் நாற்றத்தையே காரணமாகச் சொல்லி அவனை விலகி நிற்கச் சொல்கிறாள். வெட்கம் துளியும் இல்லை. சொல்லப்போனால் கொஞ்சம் திமிர். பாரதத்து மச்சகந்தியோ ஓடத்தில் பராசரரிடம் மணத்தை வரமாகக் கேட்டு வாங்கிப் பரிமளகந்தி ஆகிறாள். அவளைக் குறை சொல்வது சுலபம். எதிரே முனிவர், சுற்றிலும் தண்ணீர். அந்த நிலையில் ஒரு செம்படவப் பெண்ணுக்கு எவ்வளவு தேர்வு மிச்சமிருந்தது? பின்னால் அந்த மணத்தைத் தேடிக்கொண்டு சந்தனு வந்தான். பீஷ்மனின் சபதம் வரைக்கும் அது போயிற்று.

தாழை நெய்தல் நிலத்துச் சொந்தப் பூ. பிரம்மாவுக்காகப் பொய்சாட்சி சொன்னதால் சிவபூஜைக்கு ஆகாது என்று தள்ளிவைத்தார்கள். மணப்பெண் சடைக்கு மட்டும் ஆகும். பொய் சொன்ன பூவுக்குக் கல்யாணத்தில் இடம் கொடுத்தவர்களுக்கு ஹாஸ்ய உணர்வு இருந்திருக்க வேண்டும். என் மூக்குக்கு மல்லிகைதான் பொய் சொல்கிறது. மீன் மணத்தை மூடப் பார்த்துத் தோற்கிறது. தாழை அதோடு சண்டை பிடிப்பதில்லை, ஒரே கரையில் வளர்ந்ததாலோ என்னவோ.

குப்பத்தில் கல்யாணம் என்றால் தாழம்பூ அத்தரில் ஒரு பொட்டுத் தொட்டுக்கொண்டு போகிறேன். கவுண்டரில் உட்காரும் நாளில் எதுவும் பூசிக்கொள்வதில்லை. மதியத்துக்குள் என் விரல்களிலும் நோட்டின் மணம் ஏறிவிடுகிறது.