வெண்பாக்கத்து ஊன்றுகோலும் பார்வையிழந்த படைவீரரும்

ஒருவர் பார்வையிழப்பது முன்வினைப் பயனே எனக் கொண்டால், அவருக்கு உதவுவது வினையின் போக்கில் குறுக்கிடுவதாகாதா என்னும் ஐயம் சமயச் சிந்தனையில் பழையது. போர்முனையில் கண்ணிழந்து திரும்பிய படைவீரர் முன் இவ்வையம் நிற்பதில்லை. அவரைக் களத்துக்கு அனுப்பியது நாடு. 1888-இல் திருத்தணியில் பிறந்த தத்துவ அறிஞர் ராதாகிருஷ்ணன் வினையைச் சீட்டாட்டத்துக்கு ஒப்பிட்டு, கைக்கு வரும் சீட்டு நம் விருப்பத்தில் இல்லை, ஆடும் முறையே நம்முடையது என விளக்கினார். தனிமனிதருக்கு அது தெம்பூட்டும். சீட்டைப் பகிர்ந்த கை எது என்பதை அது கேட்பதில்லை.

அதைக் கேட்கத் துணிந்தவர் தேவாரம் பாடிய சுந்தரர். மனைவி சங்கிலியாருக்குக் கொடுத்த வாக்கை மீறித் திருவொற்றியூரை நீங்கியதால் பார்வையிழந்த அவர், திருவள்ளூர் மாவட்டத்துத் திருவெண்பாக்கத்தில் இறைவனிடம் கண் வேண்ட, கிடைத்தது ஊன்றுகோல் மட்டுமே. தம்பிரான் தோழர் என்னும் உரிமையில் சினந்து அவர் கோலை வீச, அது பட்டு நந்தியின் கொம்பு ஒடிந்தது என்பது தலவரலாறு. பழைய கோயில் பூண்டி நீர்த்தேக்கத்துள் அடங்கியபின் எழுந்த புதிய கோயிலிலும் கொம்பொடிந்த நந்தியையே காணலாம். தவறு சுந்தரருடையது, ஆயினும் அவர் சினத்தை மரபு குற்றமாக எண்ணவில்லை. வாக்குத் தவறியவருக்கே உரிமையோடு கேட்கும் இடம் உண்டெனில், கடமையாற்றிக் கண்ணிழந்தவர் மட்டும் உதவி பெறுகையில் கைகட்டி நிற்க வேண்டும் என்பது எந்த அறத்திலும் சேராது.

ஊன்றுகோலும் இழிவானதன்று; இழந்த கண்ணைத் தராவிடினும், தாமே நடக்கத் துணை செய்யும் பயிற்சியும் ஓர் ஊன்றுகோலே. இரண்டாம் உலகப் போரில் பார்வையிழந்த இந்திய வீரர்களுக்காக 1943-இல் டேராடூனில் செயின்ட் டன்ஸ்டன்ஸ் விடுதி தொடங்கப்பட்டது. அதை அமைத்த கிளூதா மெக்கென்சி, முதல் உலகப் போரின் கலிப்பொலிக் களத்தில் தாமும் கண்ணிழந்தவர். புள்ளிகளை விரலால் தடவிப் படிக்கும் பிரெயில் எழுத்தும் கைத்தொழில்களும் அங்கே கற்பிக்கப்பட்டன. 1950-இல் இந்திய அரசு அதனை ஏற்று, பார்வையற்ற பெரியவர்களுக்கான பயிற்சி மையமாக்கியது.

இன்றும் படைவீரர் நலனுக்காக ஆண்டுதோறும் டிசம்பர் 7-இல் கொடிநாள் நிதி திரட்டப்படுகிறது. மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகமும் இருக்கிறது. ஆனால் விண்ணப்பப் படிவத்தை வாசித்துக் காட்டவும், கையொப்பமிட வேண்டிய இடத்தில் விரலை வைத்துக் காட்டவும், பேருந்தேறி அலுவலகம்வரை உடன் செல்லவும் அரசாணை போதாது; அவை ஊராரின் வேலை. திருவள்ளூர் மாவட்டத்துக் கே.ஜி.கண்டிகை போன்ற ஊர்களில் அத்தகைய வீரர் எவரேனும் இருப்பின், அவர் வந்து கேட்கும்வரை காத்திராமல் ஊரார் அவர் வீட்டுக்குச் செல்ல வேண்டும்.