கூரையைப் பிரித்த நால்வர்

மூளைக்கட்டி வந்த குழந்தைக்குக் கதிர்வீச்சு என்றால் பெரும்பாலும் வாரம் 5 நாள், ஏறக்குறைய 6 வாரம். 'கரண்ட் வைக்கிறது' என்பார்கள் நம் ஊர்க்காரர்கள். வெள்ளியங்கிரி மலைமீது வெயில் விழும் முன்பே, தொண்டாமுத்தூரிலிருந்து கோவைக்குப் பஸ் ஏறும் ஒரு கிறிஸ்தவத் தாயை எண்ணிப் பாருங்கள். மடியில் பிள்ளை, பையில் ஸ்கேன் படங்களும் வேதாகமமும்.

"ஜெபம் இருக்க ஆஸ்பத்திரி எதற்கு?" என்போர் உண்டு. "ஆஸ்பத்திரி இருக்க ஜெபம் எதற்கு?" என்போரும் உண்டு. இருவருக்கும் விடை வேலூரில் இருக்கிறது. 1900-இல் மிஷனரி மருத்துவர் ஐடா ஸ்கடர் ஒரே படுக்கையோடு தொடங்கிய மருத்துவப் பணி சி.எம்.சி. என்னும் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையாக வளர்ந்தது. அங்கேதான் 1949-இல் டாக்டர் ஜேக்கப் சாண்டி இந்தியாவின் முதல் நரம்பியல் அறுவைசிகிச்சைத் துறையைத் தொடங்கினார். விசுவாசமே அங்கு மருத்துவமானது.

மாற்கு நற்செய்தியில் திமிர்வாதக்காரன் ஒருவனை நான்கு பேர் படுக்கையோடு சுமந்து வருகிறார்கள். கூட்டத்தில் வழியில்லை. கூரையைப் பிரித்து இயேசுவின் முன் அவனை இறக்குகிறார்கள். சுமந்து வந்தவர்களின் விசுவாசத்தையும் அவர் கண்டார்.

பயத்தில் அந்தத் தாய்க்கு ஜெபிக்க வாய் வராத நாளும் உண்டு. அது விசுவாசக் குறைவல்ல, களைப்பு. அன்று அவளுக்காக நாம் ஜெபிப்போம். தூக்குப்போசியில் சோறு கொண்டுபோவோம். அவளுடைய மூத்த பிள்ளையைப் பள்ளியில் விட்டு வருவோம்.

படுக்கையின் நான்காவது முனை நம் கைக்காகக் காத்திருக்கிறது. பிடித்துக்கொள்ளுங்கள்.