நிரூபிக்கச் சொல்வதும் ஒரு தண்டனைதான்

1839 பிப்ரவரி 17 அன்று, லண்டன் பக்கிங்ஹாம் அரண்மனையில் 33 வயதுப் பெண் ஒருவரை இரண்டு மருத்துவர்கள் பரிசோதித்தார்கள். அவருக்கு வயிறு வீங்கியிருந்தது, வலியும் இருந்தது. ஆனால் அவர்கள் தேடியது நோயை அல்ல, கர்ப்பத்தை.

அவர் பெயர் லேடி ஃப்ளோரா ஹேஸ்டிங்ஸ். 1813 முதல் 1823 வரை கல்கத்தாவில் கவர்னர் ஜெனரலாக இருந்த ஹேஸ்டிங்ஸ் பிரபுவின் மகள். விக்டோரியா அரசியின் தாயான கென்ட் சீமாட்டிக்கு அரண்மனைத் தோழி. அப்போது அரசிக்கும் தாய்க்கும் ஆகாது. தாயின் வலக்கரமாக இருந்த ஜான் கான்ராயை அரசிக்கு அறவே பிடிக்காது. ஃப்ளோரா அந்தக் கான்ராயோடு ஸ்காட்லாந்திலிருந்து ஒரே வண்டியில் திரும்பியவர். வயிறு வீங்கியதும் கிசுகிசு கிளம்பியது. வைத்தியத்துக்காக ஃப்ளோரா நாடிய அரசவை மருத்துவர் ஜேம்ஸ் கிளார்க்கே அதை நம்பினார். களங்கமில்லை என்று நிரூபிக்கும்வரை அரசியின் முன் வரக் கூடாது என்று உத்தரவாயிற்று. பரிசோதனையின் முடிவில், அவர் கர்ப்பமாக இருப்பதாகவோ இருந்ததாகவோ சந்தேகிக்க இடமில்லை என்று மருத்துவர்கள் சான்றிதழ் எழுதிக் கொடுத்தார்கள்.

அரண்மனையின் பக்கமும் ஒரு நியாயம் சொல்லலாம். அரசிக்கு அப்போது 19 வயது. முடிசூடி ஓராண்டுகூட ஆகவில்லை. அவையில் இருப்பவர்கள்மேல் விழும் கறை அரியணையையும் தொடும். சந்தேகம் எழுந்த பிறகு சும்மா இருக்க முடியுமா? சோதித்ததால்தானே உண்மை வெளிப்பட்டது?

இந்த வாதம் ஒன்றை மறைக்கிறது. பழி சொன்னவர்கள் எதையும் நிரூபிக்க வேண்டியிருக்கவில்லை. சுமை முழுவதும் பழிக்கு ஆளானவர்மேல் இறங்கியது. குற்றமற்றவர் என்ற சான்றிதழைப் பெறவே ஒரு பெண் தன் உடலைக் காட்ட வேண்டுமென்றால், தீர்ப்புக்கு முன்பே தண்டனை நிறைவேறிவிட்டது. ஒரு பிரபுவின் மகளுக்கே இந்தக் கதி. அதே அரண்மனையில் படுக்கை விரித்த வேலைக்காரிக்கு இது நேர்ந்திருந்தால் சான்றிதழ்கூடக் கிடைத்திராது.

இன்னொரு கேள்வி சற்றுக் கடினமானது. அரசி நேரில் வருத்தம் தெரிவித்தார், ஃப்ளோராவும் ஏற்றுக்கொண்டார். அத்தோடு விட்டிருக்கலாமே? ஆனால் மார்ச்சில், நடந்ததை விவரித்து அவர் தன் மாமாவுக்கு எழுதிய கடிதம் 'எக்ஸாமினர்' இதழில் அச்சேறியது. எதிர்க்கட்சியினர் அதை அரசியலாக்கினார்கள். உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்ததாகாதா இது?

ஆகாது. மன்னிப்பு ஓர் அறைக்குள் கேட்கப்பட்டது. அவதூறோ ஊரெல்லாம் சுற்றிக்கொண்டிருந்தது. பலர் அறியக் கெடுத்த பெயரைப் பலர் அறியத்தான் மீட்க வேண்டும். விசுவாசம் எஜமானரின் ரகசியத்தைக் காக்கச் சொல்லலாம். எஜமானரின் தவறுக்குத் தன் மானத்தைப் போர்வையாக்கச் சொல்ல அதற்கு உரிமையில்லை. கட்சிக்காரர்கள் ஆதாயம் தேடியது அவர்களுடைய குற்றம். அதற்காக உண்மையைச் சொன்னவரைக் குறை கூற முடியாது.

1839 ஜூலை 5 அன்று ஃப்ளோரா அந்த அரண்மனையிலேயே இறந்தார். கல்லீரல் பெருத்திருந்ததைப் பிரேதப் பரிசோதனை காட்டியது. அக்கால வைத்தியம் அவரைப் பிழைக்க வைத்திருக்குமா என்பது ஐயமே. ஆனால் நோயாளியாக நடத்தப்படும் உரிமையாவது அவருக்கு இருந்தது. பாவத்தைத் தேடியவர்கள் அதைப் பறித்துக்கொண்டார்கள்.

கென்ட் சீமாட்டி கிளார்க்கைத் தன் பணியிலிருந்து நீக்கினார். அரசி நீக்கவில்லை. 1861-ல் அரசியின் கணவர் ஆல்பர்ட் மரணப் படுக்கையில் கிடந்தபோதும், வைத்தியம் பார்த்தவர்களில் கிளார்க் இருந்தார்.