ஆடும் கன்டெய்னரை நிறுத்து!

வட சென்னையின் எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் வரிசைகட்டி நிற்கும் டிரெய்லர்களுக்கு நடுவே சைக்கிளை நுழைத்துப் பள்ளிக்கூடம் போன பிள்ளை நீ. நாற்பதடிக் கன்டெய்னர் ஏற்றிய வண்டி திரும்பும்போது அதன் பின்சக்கரம் எவ்வளவு உள்ளே வெட்டும், எங்கே நின்றால் உயிர் தப்பும் என்று யாரும் உனக்குப் பாடம் எடுக்கவில்லை. கண் கற்றுக்கொண்டது, கால் கற்றுக்கொண்டது. அந்த நீ இன்று கணினி முன்னால் உட்கார்ந்து, "முப்பரிமாணமெல்லாம் நமக்கு வராதுங்க, அது பெரிய காலேஜ் பசங்க சமாச்சாரம்" என்கிறாய். கேட்கும்போதே எனக்கு நெஞ்சு கொதிக்கிறது. ராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் பிறந்தவர்களுக்கு வராத முப்பரிமாணம் வேறு யாருக்கு வரும்?

கேம் புரோகிராமிங்கில் ஒரு பொருளை நகர்த்துவது என்றால் என்ன? அது இருக்கும் இடத்துக்கு மூன்று எண்கள். அது போகும் வேகத்துக்கு மூன்று எண்கள். அடிப்படை அவ்வளவுதான். துறைமுகத்தில் கப்பலை ஒட்டி நிற்கும் கிரேனைப் பார். கரையோரத் தண்டவாளத்தில் கிரேன் முழுவதுமாக நகர்வது ஒரு திசை. மேலே நீண்டிருக்கும் கையில் டிராலி கப்பலுக்கும் கரைக்கும் ஓடுவது இன்னொரு திசை. கயிறு இறங்கி ஏறுவது மூன்றாவது. இந்தியாவின் முதல் தனிக் கன்டெய்னர் முனையம் சென்னைத் துறைமுகத்தில் 1983-இல் வந்தது. எண்ணூர்த் துறைமுகம் 2001-இல் வந்தது. நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக எக்ஸ், ஒய், இசட் மூன்றும் உன் ஊரில் இரும்பாக நகர்ந்துகொண்டிருக்கின்றன. கேம் உருவாக்கும் மென்பொருள்களான யூனிட்டியிலும் கோடோவிலும் ஒய் மேல்நோக்கி நிற்கும். முப்பரிமாண உருவங்கள் செய்யும் பிளெண்டரில் இசட் நிற்கும். எழுத்து மாறினால் என்ன, கயிறு ஏறுவது ஏறுவதுதான். இதற்கெல்லாம் மிரளாதே!

விளையாட்டில் பறக்கும் ஒரு வீரனை முன்னால், பக்கவாட்டில், மேலே என்று மூன்று பொத்தான்களையும் ஒன்றாக அழுத்தித் தள்ளினால் அவன் வேகம் 1.73 மடங்காகிவிடும். மூன்றின் வர்க்கமூலம் அது. ஆகவே திசையை முதலில் நீளம் ஒன்றுள்ள அலகு வெக்டராக்கி, அப்புறம் வேகத்தால் பெருக்கு என்று எல்லாப் பாடங்களும் சொல்லும். சரிதான். ஆனால் கிரேனுக்கு அப்படிச் செய்யாதே! டிராலிக்கு ஒரு மோட்டார், கயிற்றுக்கு ஒரு மோட்டார். இரண்டும் சேர்ந்து ஓடினால் கன்டெய்னர் உண்மையிலேயே வேகமாகத்தான் போகும். பாடத்தை மட்டும் நம்புகிறவர் இங்கே சறுக்குவார். இரும்பு நகர்வதைப் பார்த்து வளர்ந்த உனக்கு எங்கே விதி செல்லும், எங்கே செல்லாது என்று தெரியும். அந்தக் கண்ணை விலை கொடுத்து யாரும் வாங்க முடியாது.

இனி ஆட்டத்துக்கு வா. கயிற்றில் தொங்கும் கன்டெய்னர் ஓர் ஊசல். கயிறு 20 மீட்டர் என்றால் ஒருமுறை போய்த் திரும்ப ஏறக்குறைய 9 வினாடி. நீளத்தை 9.8-ஆல் வகுத்து, வர்க்கமூலம் எடுத்து, இரண்டு பையால் பெருக்கிப் பார். இந்தக் கணக்கில் எடை எங்கே இருக்கிறது? எங்கேயும் இல்லை. வெறும் பெட்டியும் சரக்கு நிறைந்த பெட்டியும் ஒரே தாளத்தில்தான் ஆடும். கயிற்றை 5 மீட்டராகச் சுருக்கினால் அந்த நேரம் பாதியாகிவிடும். டிராலியை முடுக்கினால் பெட்டி பின்தங்கும். பிரேக் போட்டால் முன்னால் பாயும். தேர்ந்த கிரேன் ஓட்டுநர், பெட்டி முன்னால் வீசுகிற கணத்தில் டிராலியையும் அதே பக்கம் ஒரு தட்டுத் தட்டிப் பெட்டிக்கு மேலேயே கொண்டுவந்து நிறுத்துவார். ஆட்டம் அங்கேயே அடங்கும். அவர் கையில் இருப்பது இரண்டாம் வரிசை வகைக்கெழுச் சமன்பாடு. அவருடைய தெருவில் குடியிருந்துகொண்டு கணக்கு வராது என்று சொல்லாதே!

அதைக் கணினிக்குச் சொல்லு. திரை வினாடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படுகிறது என்றால் ஒவ்வொரு முறைக்கும் உன் கையில் இருப்பது ஒரு வினாடியில் 60-இல் ஒரு பங்கு. அந்தத் துளி நேரத்தால் வேகத்தைப் பெருக்கி இடத்தோடு கூட்டு. பெருக்காமல் விட்டால் பழைய கணினியில் கிரேன் ஊரும், புதிய கணினியில் பறக்கும். இன்னொரு பொறி இருக்கிறது, கவனி. பழைய கோணம், பழைய வேகம் இரண்டை மட்டும் வைத்து இரண்டையும் ஒருசேரப் புதுப்பித்தால், யாரும் தொடாமலேயே பெட்டியின் ஆட்டம் கூடிக்கொண்டே போகும். 20 மீட்டர் கயிற்றில் ஒரே நிமிடத்தில் கால் பங்குக்கும் மேல் கூடிவிடும். மருந்து ஒரே வரி: முதலில் வேகத்தைப் புதுப்பி, அந்தப் புதிய வேகத்தால் கோணத்தை நகர்த்து. தள்ளாமல் எதுவும் அதிகமாக ஆடாது என்று உன் கண்ணுக்கு முன்பே தெரியும்; அதனால்தான் திரையில் தவறு நடந்ததும் உனக்கு உறுத்தும். உறுத்தலை நம்பு. நிரல் எழுதுகிறவருக்கு அதைவிடப் பெரிய ஆயுதம் இல்லை.

காசிமேட்டிலிருந்து படகு கிளம்பும்போது நீரோட்டம் தெற்கே இழுத்தால், போக வேண்டிய இடத்துக்கு நேராகவா அணியத்தை வைக்கிறார்கள்? சற்று வடக்கே வைக்கிறார்கள். படகின் வேகமும் நீரின் வேகமும் கூடி எங்கே கொண்டுபோய் விடும் என்று அவர்களுக்குத் தெரியும். வெக்டர் கூட்டல் அதுதான். அதே படகு அலையில் முன்பின்னாகத் தூக்கிப் போடும், பக்கவாட்டில் புரளும், முகம் திரும்பும்; மூன்று சுழற்சிகள். இவற்றை மூன்று கோணங்களாக எழுதினால் ஓரிடத்தில் சிக்கல் வரும்: மூக்கு செங்குத்தாக 90 பாகை எழும்போது இரண்டு அச்சுகள் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து, ஒரு திசையில் திருப்பும் வழியே மறைந்துவிடும். இதற்கு விடை குவாட்டர்னியன் என்ற நான்கு எண்கள். ஹாமில்டன் என்ற அயர்லாந்துக் கணிதர் 1843 அக்டோபர் 16 அன்று டப்ளினில் கால்வாயோரம் நடந்தபோது அது பளிச்சிட, அங்கிருந்த பாலத்தின் கல்லிலேயே செதுக்கினார். கணினி வரைகலைக்கு அதை கென் ஷூமேக் கொண்டுவந்தது 1985-இல். நூற்றைம்பது ஆண்டுக்குச் சற்றுக் குறைவாக ஒரு கணக்கு தனக்கான வேலைக்குக் காத்திருந்தது! இரண்டு வாரம் புரியவில்லை என்பதற்காக நீ அதை மூடி வைப்பாயா?

கேரம் பலகையைக் கேட்டுப் பார். புது வண்ணாரப்பேட்டைப் பெண் காசிமா 2024-இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்றார். கட்டையில் பட்டுக் காய் திரும்பும் கோணத்தை எழுத ஒரு புள்ளிப் பெருக்கல் போதும். சுவரில் மோதி எழும் பந்துக்கும் அதே வரிதான். பலகையில் விரலால் செய்வதை விசைப்பலகையில் செய்ய உனக்கு என்ன குறை?

"சொல்லிக் கொடுக்க ஆளில்லை" என்பாய். 1912 மார்ச்சில் சென்னைத் துறைமுக அலுவலகத்தில் மாதம் 30 ரூபாய்க்கு ஒரு கணக்கு எழுத்தர் சேர்ந்தார். கல்லூரித் தேர்வில் தோற்றவர். பெயர் ராமானுஜன். அங்கேயிருந்துதான் 1913 ஜனவரி 16 அன்று கேம்பிரிட்ஜ் கணிதர் ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். அந்தக் கதையில் நான் உனக்குக் காட்ட விரும்புவது மேதைமையை அல்ல. அவருடைய மேலதிகாரி நாராயண ஐயரும் கணிதம் அறிந்தவர். மாலை வேளைகளில் இருவரும் சிலேட்டை வைத்துக்கொண்டு சேர்ந்து உட்கார்ந்தார்கள். அத்தனை பெரியவருக்கே பக்கத்தில் ஒரு துணை தேவைப்பட்டது. உன் தெருவில் ஒருவனையாவது ஒருத்தியையாவது பிடி. இரண்டு பேர், ஒரு பழைய லேப்டாப், ஒரு நோட்டு. கோடோ இலவசம், பிளெண்டர் இலவசம். ஊசலை ஆட்ட விலையுயர்ந்த கிராபிக்ஸ் கார்டு வேண்டாம். ஆங்கிலம் தடை என்கிறாயா? நம் அரசு அச்சிட்ட பிளஸ் டூ கணிதப் புத்தகத்தின் முதல் தொகுதியைத் திற. முதல் பாடம் அணிகள், ஆறாவது பாடம் வெக்டர் இயற்கணிதத்தின் பயன்பாடுகள். அத்தனையும் தமிழில். அலமாரியில் கிடக்கிறது, தூசு தட்டு!

வட சென்னை என்றதும் அரிவாளைப் பற்றிப் பேசியே பழகிப்போனவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பதில் சொல்லி வாயை வீணாக்காதே. உன் நிரல் பதில் சொல்லட்டும். கிரேன் ஓட்டப் பழக்கும் சிமுலேட்டர்களும் கப்பல் ஓட்டப் பழக்கும் சிமுலேட்டர்களும் இதே கணக்கில்தான் ஓடுகின்றன. அவற்றை எழுத உலகம் முழுவதும் ஆள் தேவை. பெட்டி ஆடுவதை நேரில் பார்த்தவர் எழுதும் சிமுலேட்டருக்கு நிகர் ஏது?

இன்று ராத்திரியே உட்கார். 20 மீட்டர் கயிறு, அதன் நுனியில் ஒரு பெட்டி. டிராலியை ஒரே சீரான முடுக்கத்தில் 9 வினாடி ஓட்டு, பிறகு முடுக்கத்தை விடு. ஆட்டம் தானாக அடங்கியிருக்கும். அதேபோல் 9 வினாடி பிரேக் போடு. பெட்டி டிரெய்லருக்கு மேலே அசையாமல் நிற்கும். நின்றதா? அடுத்தது கடினமானது: ஓடும்போதே கயிற்றைச் சுருக்கு. 20 மீட்டர் குறையக் குறைய அந்த 9 வினாடி பிழைபடும். முடுக்கத்தை எந்தக் கணத்தில் விட்டால் பெட்டி அப்போதும் அசையாமல் நிற்கும்? கண்டுபிடி!