சிறு காயமும் பெருந் தவறும்

துவிச்சக்கரவண்டியிலிருந்து ஒருவன் விழுவது மெய்யியல் ஆராய்ச்சிக்குரிய பொருளன்று எனச் சிலர் கருதக்கூடும். முழங்காலிற் சிறிது தோல் உரிகிறது. உள்ளங்கையிற் சரளை குத்துகிறது. சில நாள்களில் யாவும் ஆறிவிடுகின்றன. ஆயினும், ஒழுக்கவியலின் கடினமான வினாக்களுள் ஒன்று இச்சிறு நிகழ்ச்சியினுள்ளே மறைந்து கிடக்கின்றது. ஒருவனுடைய தவற்றின் அளவை, அதனால் விளைந்த கேட்டின் அளவைக் கொண்டு தீர்மானிக்கலாமா என்பதே அவ்வினா.

யாழ்ப்பாணத்துச் சமதரையில் துவிச்சக்கரவண்டி நெடுங்காலமாக மாணவனுக்கும் கமக்காரனுக்கும் உற்ற துணையாய் இருந்து வந்துள்ளது. அங்குள்ள ஓர் ஊரிலே, பொழுது மங்கும் வேளையில், விளக்கில்லாத வண்டியில் ஒருவன் ஒழுங்கையிலிருந்து வீதிக்கு விரைந்து திரும்புகிறான் எனக் கொள்ளலாம். பின்னால் வரும் நண்பனோடு முகந்திருப்பிப் பேசிச் சிரித்தவாறு அவன் செல்கிறான். பிறேக் தேய்ந்திருப்பது அவனுக்குத் தெரியும். நாளை பார்த்துக்கொள்ளலாம் என விட்டிருந்தான். வீதியோரச் சரளையில் முன்சில்லு சறுக்குகிறது, விழுகிறான், எழுந்து மண்ணைத் தட்டிவிட்டுப் போகிறான்.

அதே மாலையில், அயலூரில், வேறொருவன் அதே நிலையிலுள்ள வண்டியில், அதே கவனயீனத்தோடு வருகிறான். ஆனால், அவனுக்கு முன்னே படலையைத் தள்ளிக்கொண்டு ஒரு குழந்தை வீதிக்கு ஓடிவருகின்றது. வண்டி மோதித் தலையில் அடிபட்ட குழந்தை இறந்துவிடுகின்றது. முதலாமவனுக்கு மருந்து, இரண்டாமவனுக்கு நீதிமன்றம். இருவருடைய எண்ணத்திலோ செயலிலோ வேறுபாடு இல்லை. ஒரு படலை திறந்தது, மற்றொன்று திறக்கவில்லை. அவ்வளவே.

இச்சிக்கலை 1976ஆம் ஆண்டில் பேர்னாட் வில்லியம்ஸ், தொமஸ் நேகல் ஆகிய இரு மெய்யியலாளர்களும் ‘ஒழுக்க அதிட்டம்’ என்னும் பொருள்படும் பெயரால் ஆராய்ந்தனர். அவர்களுக்கு ஏறத்தாழ இரு நூற்றாண்டுகள் முன்னரே, 1785இல் வெளிவந்த தம் நூலில், இம்மானுவேல் கான்ற், ஒரு செயலின் ஒழுக்கப் பெறுமதி அதன் விளைவில் தங்கியதன்று. செய்வோனின் சித்தத்திலேயே தங்கியது என வாதிட்டிருந்தார். கான்ற் கூறியது சரியாயின், மேற்கூறிய இருவரும் சமமான குற்றவாளிகளே. எனினும், இறந்த குழந்தையின் தாய் இருவரையும் சமமாக நோக்குவாளா? நோக்குதல்தான் நியாயமாகுமா?

சட்டம் இவ்விடத்து இரு பக்கத்திலும் காலூன்றி நிற்கின்றது. இலங்கையின் 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவை, பிறருடைய பாதுகாப்புக்கு ஆபத்து விளைக்கும் கவனயீனச் செயலை, எவருக்கும் காயம் ஏற்படாதவிடத்தும் குற்றமெனக் கொள்கின்றது. அதே வேளையில், காயம், கடுங்காயம், மரணம் என விளைவு ஏற ஏறத் தண்டனையும் ஏறுகின்றது. நீதிமன்றம் மனத்தை நேரே காணவியலாது; இழந்தோரின் இழப்புக்கும் அது விடையிறுத்தாக வேண்டும்.

தமிழ் மரபு இதனை வேறொரு வகையில் அணுகுகின்றது. விளைவு மனிதனுடைய கைக்கு முற்றும் அடங்கியதன்று என்பதை ஊழ் அதிகாரத்தில் ஒப்புக்கொண்ட வள்ளுவர், பொச்சாவாமைக்கும் ஓர் அதிகாரம் வகுத்தார். மிகுந்த உவகையினால் வரும் சோர்வு, அளவிறந்த சினத்தினும் தீது என்பது அவ்வதிகாரத்தின் தொடக்கமே கூறும் கருத்தாகும். நண்பனோடு சிரித்துப் பேசி வீதியை மறந்தவனின் நிலையும் இதுவே. படலை திறப்பது ஊழின்பாற்படும். விளக்கு ஏற்றுவது மனிதன்பாற்படும். ஒன்றைக் காட்டி மற்றொன்றிலிருந்து தப்புதல் இயலாது.

அவ்வாறாயின், சிறு காயத்தோடு தப்பியவன் தன்னைக் கொலைகாரனாக எண்ணி வருந்துதல் வேண்டுமா? இதற்கு விடை காண, சோழ நாட்டிலிருந்து வந்து அநுராதபுரத்தில் 44 ஆண்டுகள் ஆண்ட எல்லாளனைப் பற்றி மகாவம்சம் கூறும் இரு செய்திகள் துணைபுரிகின்றன. அவன் மகனுடைய தேர்ச்சில்லு, வழியிற் கிடந்த பசுக்கன்றின் கழுத்தில், அவன் அறியாமலே ஏறியது. பசு ஆராய்ச்சி மணியை அசைத்தது. அரசன் அதே சில்லினால் மகனின் உயிரை வாங்கினான். திருவாரூர் மனுநீதிச் சோழன் கதையாகப் பெரியபுராணம் கூறுவதும் இதனையொத்ததே. மற்றொரு நாள், எல்லாளனின் தேர் நுகமே ஒரு தூபியில் இடித்துப் 15 கற்களைப் பெயர்த்துவிட்டது. அவன் தேரினின்றும் இறங்கி வீதியிற் கிடந்து, தன் தலையையும் சில்லினால் துணிக்குமாறு வேண்டினான். பிறருக்குத் தீங்கிழைப்பதைப் புத்தர் விரும்பார். தூபியைத் திருத்திக் கொடுப்பதே தக்கது என உடனிருந்தோர் உரைத்தனர். அப்பதினைந்து கற்களுக்காக அவன் 15,000 கஹாபணம் செலவிட்டான்.

பெயர்ந்த கற்களின் விலை அதுவன்று என்பது வெளிப்படை. அரசன் கேட்டின் அளவைக் கொண்டு கணக்கிடவில்லை; தவற்றின் அளவைக் கொண்டு கணக்கிட்டான். ஆயினும், தன்னைத் தானே அழித்துக்கொள்ளவுமில்லை, பெயர்ந்ததைத் திருத்தினான். இங்கே தவறு, கடன் என்னும் இரண்டையும் பிரித்தறிதல் அவசியமாகின்றது. குழந்தையை இடித்தவனுக்கும் சரளையில் விழுந்தவனுக்கும் தவறு ஒன்றே, கடனே வேறு. முன்னவனின் கடன் ஒரு குடும்பத்துக்குரியது. அது முற்றும் தீர்க்கமுடியாதது. பின்னவனின் கடன், தேய்ந்த பிறேக்கை மாற்றுவதும் விளக்கைப் பொருத்துவதும் வீதியில் கண்வைப்பதுமாகும். வீதியிற் குழியை மூடாது விட்டோருக்கும் இதுவே பொருந்தும்; எவரும் அதில் விழுந்து இறக்கவில்லை என்பது அவர்களுக்கு விடுதலையாகாது.

காயம் என்னும் சொல் தமிழிற் புண்ணையும் குறிக்கும், உடலையும் குறிக்கும். உடல் தன் புண்ணை யாருடைய கட்டளையுமின்றி ஆற்றத் தொடங்குகின்றது. சில நிமிடங்களில் குருதி உறைகின்றது. ஓரங்களிலிருந்து புதுத் தோல் படர்கின்றது. ஆனால், மண்ணைக் கழுவாது விட்டால் அதன்மேலேயே தோல் மூடிக் கருந்தழும்பு நிலைத்துவிடும். மண்ணில் வாழும் ஏற்புவலிக் கிருமி சிறு புண் வழியாகவும் உயிரைக் கொள்ளக்கூடும். ஆதலின், சிறிய காயமே ஆயினும், கழுவிய பின்னரே அதை ஆறவிடுதல் வேண்டும்.

தவற்றுக்கும் அத்தகைய கழுவுதல் தேவை. உடலைப்போல மனம் தானாக அதனைச் செய்வதில்லை, செய்விக்க வேண்டும். சிறு காயத்தோடு தப்பியவன், பிறர் பெருவிலை கொடுத்துக் கற்றதை மலிவாகக் கற்கும் வாய்ப்பைப் பெற்றவன். புண் ஆறியதும் அதனை மறப்பானாயின், அடுத்த படலை திறக்கும்போது, அறியாது செய்தேன் என்று கூறும் உரிமை அவனுக்கு இல்லை.